பந்தலுக்குப் போன உத்திரங்கள்

பூமி அசைந்தது, ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போடுகிற நேரம்கூட இருக்காது. எங்கள் ஊரில் நாலைந்து வீட்டில் ஓடு சரிந்தது, அடுக்குப்பானை உருண்டது, ஒரு கிணற்றின் கைப்பிடிச்சுவரில் கீறல் விழுந்தது. பக்கத்து ஊர் சிவன் கோயில் கோபுரத்தில் ஒரு பொம்மையின் மூக்குகூட உடையவில்லை. ஓலை வேய்ந்த மண்குடிசைகள் ஆடிவிட்டு அப்படியே நின்றன. விழுந்தது ஒன்றே ஒன்று, நாங்கள் கட்டிக்கொண்டிருந்த கோபுரம். அது இரண்டு பேரைக் கொன்றது. அடுத்த அரைமணி நேரத்தில் நாங்கள் மூன்றாவது ஆளைக் கொல்லப் பார்த்தோம்.

நாங்கள் வேதக்காரர்கள். பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். ஞானஸ்நானம் வாங்கி மூன்று தலைமுறை ஆகியும் ஆலயத்தைக் கோயில் என்றும் குருவானவரை ஐயர் என்றும்தான் சொல்வோம். சீமையில் பழைய ராஜா செத்துப் புது ராஜாவுக்கு மகுடம் சூட்டின காலம் அது. நான் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், சபைக்குச் செயலாளர், கோபுர வேலைக்கு மேற்பார்வை, எல்லாம் நான் ஒருத்தனே. வயது முப்பத்திரண்டு. கோபம் எப்போதும் மூக்குநுனியில் நிற்கும். ஒரு பிரம்பு ஒடிந்தால் அடுத்த பிரம்பை எடுக்கிற வாத்தியார் நான். வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே வீட்டில் பேச்சு நின்றுவிடும். இன்றைக்கு இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கோபுரம் கட்ட வந்த கொத்தனார் தச்சநல்லூர்க்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். நெற்றியில் திருநீறு இல்லாமல் சாரத்தில் கால் வைக்கமாட்டார். அவருக்குக் கையாளாக அவருடைய தம்பி. தம்பிக்குக் கல்யாணமாகி இன்னும் ஒரு தை கழியவில்லை. அண்ணன் வாய் திறக்காத இடங்களில் எல்லாம் தம்பி பேசிவிடுவான். சித்தாள்கள் எங்கள் சபைப் பெண்கள்தான். கோயிலில் மணி அடிக்கும் அண்ணாச்சியின் சம்சாரம் அவர்களில் ஒருத்தி. நிரம்பின சாந்துச்சட்டியோடு சாரத்தில் ஏறும்போதும் பாட்டை நிறுத்தமாட்டாள்.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டின அன்றைக்கு ஒரு விஷயம் நடந்தது. விடிந்ததும் நான் போய்ப் பார்த்தபோது வடகிழக்கு மூலையில் மண்ணில் ரத்தமும் இரண்டு சேவல் இறகும் கிடந்தன. கொத்தனார் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருடைய வழக்கம் அது, ரத்தம் காட்டாமல் அஸ்திவாரத்தில் கல் வைக்கமாட்டார். எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. "குழம்புல எனக்குப் பங்கு உண்டாவே?" என்று கேட்டுவிட்டு, காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். ஐயரிடம் சொல்லவில்லை. அது எங்கள் இருவருக்குள் ஒரு தமாஷாகவே இருந்தது.

வேலையில் அவர் பிடிவாதக்காரர். ஒரு நாளைக்கு இரண்டு வரிக்கு மேல் செங்கல் ஏற்றமாட்டார். பதநீர் விட்டு அரைத்த சுண்ணாம்புச் சாந்து நிதானமாகத்தான் இறுகும் என்பார். கோபுரம் மூன்று நிலை. ஒவ்வொரு நிலையிலும் வைரம் பாய்ந்த பனங்கட்டை உத்திரங்களைச் சுவருக்குச் சுவர் குறுக்கே போட்டு, பலகை அடித்து, அதற்குப் பிறகுதான் அடுத்த நிலைக்குப் போகவேண்டும். முதல் நிலையில் அப்படித்தான் செய்தார். இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் உரிய உத்திரங்கள் இழைத்து எண்ணெய் பூசிக் கீழே அடுக்கியிருந்தன.

எங்கள் ஸ்தோத்திரப் பண்டிகை கார்த்திகையில் வரும். கடைசி நாள் அசனம். சபை முழுவதும் ஒரே பந்தலின் கீழ் உட்கார்ந்து, அண்டாவில் ஆட்டுக்கறியும் கத்தரிக்காயும் சேர்ந்து கொதித்த குழம்பைச் சோற்றில் விட்டுச் சாப்பிடும். பந்தல் எவ்வளவு நீளம் என்பதில்தான் ஒரு சபையின் மானம் இருந்தது. முந்தின வருஷம் அக்கரைச் சபை போட்ட பந்தலைப் பற்றி எங்கள் ஊரில் பங்குனி வரைக்கும் பேச்சு. இந்த வருஷம் அதைவிட நீளமாகப் போடுவது, புதுக் கோபுரத்திலிருந்து மணி அடித்து முதல் பந்தியை வைப்பது என்று சபைக்கூட்டத்தில் எழுந்து சொன்னவன் நான். கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகு கொத்தனாரை நான் நிம்மதியாக விடவில்லை. இரண்டு வரியை நாலு வரி ஆக்கினேன். ஐப்பசி முழுக்க மழை. நகத்தால் கீறினால் சாந்து உள்ளே ஈரமாகவே இருந்தது. உத்திரம் போட்டால் பத்து நாள் போய்விடும், சுவரை முதலில் ஏற்றும், உத்திரத்தை ஏணி வைத்து அப்புறம் செருகிக்கொள்ளலாம் என்றேன். சுவரில் குழி விட்டுவிட்டு ஏற்றினார். அறுபது அடிக்கு நாலு சுவர் எழும்பியது. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் முதல் நிலைப் பலகைக்கு மேலே நடுவில் ஒன்றும் இல்லை, வானம் மட்டும் சதுரமாகத் தெரியும்.

அசனத்துக்கு நாலு நாள் இருந்தது. பந்தலுக்குப் பாபநாசத்திலிருந்து வரவேண்டிய மூங்கில் வண்டிகள் வெள்ளத்தில் வழியிலேயே நின்றுவிட்டதாகத் தகவல் வந்தது. நான் சுற்றிலும் பார்த்தேன். உத்திரங்கள் கண்ணில் பட்டன. நீளமும் கனமும் பந்தலுக்கு அளந்து செய்தது மாதிரியே இருந்தன. ஆட்களைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னேன்.

கொத்தனார் சாரத்திலிருந்து இறங்கி ஓடிவந்தார்.

"வாத்தியாரய்யா, அது கோபுரத்துக் கட்ட. இன்னைக்கு அதத்தான் செருகணும்னு இருக்கேன்."

"மூணு நாலு நாளுதான்வே. அசனம் முடிஞ்ச அன்னைக்கே திரும்பி வந்துரும்."

"நான் சொல்லுதத கொஞ்சம் கேளுங்க. நாலு சுவரும் இப்பம் தனித்தனி ஆளு. உத்திரம் போட்டாத்தான் ஒருத்தன் கைய ஒருத்தன் பிடிப்பான். சாந்தும் காயல. இப்பம் அதுக்கு ஒரு அசைவு ஆகாது, பாத்துக்கிடுங்க."

"யாருவே வந்து அசைக்கப் போறா?"

"காத்து இருக்கு. ஆளு ஏறுதான், இறங்குதான். சரி, கட்டைய எடுத்தா எடுங்க. மணியையாவது ஏத்தாம இருங்க. அம்புட்டுப் பாரத்தத் தலைல வச்சா அது தாங்காது."

"மணி இல்லாம பந்தி எப்படிவே வைக்கது?"

அவர் உத்திரத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அவர் கையைத் தட்டிவிட்டு, "இது உம்ம சாமி கோயில் இல்லவே. எங்க கோயிலு. கட்டச் சொன்னா கட்டும், இல்ல கரண்டியக் கீழ போட்டுட்டுப் போவும்" என்று கத்தினேன். வேலையாட்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் சுருங்கிப்போனது. தம்பிதான் இடையில் வந்தான். "நாலு நாளுதானண்ணே, போட்டும். மணிய நான் பாத்துக்கிடுதேன்" என்று அண்ணனின் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அசனத்துக்கு முந்தின நாள், காலை பத்து மணி இருக்கும். பந்தலின் கீழே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தார்கள். மணியை முந்தின நாளே உச்சியில் இரண்டு கட்டை போட்டுத் தொங்கவிட்டாயிற்று. கொத்தனாரின் தம்பி அதன் பக்கத்தில் நின்று கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். மணி அடிக்கிற அண்ணாச்சியின் சம்சாரம் சாந்துச்சட்டியோடு பாதிச் சாரத்தில் ஏறிக்கொண்டிருந்தாள். பாட்டு கீழே கேட்டது. கொத்தனார் தரையில் செங்கல் நனைத்துக்கொண்டிருந்தார். நான் பந்தக்கால் ஒன்றில் சாய்ந்து நின்று யாரையோ ஏசிக்கொண்டிருந்தேன்.

ஆலமரத்துக் காக்கைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பின. அண்டாவில் வைத்திருந்த தண்ணீர் தானாகத் தளும்பிக் கரையில் அடித்தது. காலுக்குக் கீழே, பாரவண்டி ஒன்று மண்ணுக்குள்ளேயே ஓடுவது மாதிரி ஒரு தள்ளு. பந்தல் முறுகியது, கயிறெல்லாம் விறைத்தது. ஆனால் பந்தல் நின்றது. அதைத் தாங்கியவை கோபுரத்து உத்திரங்கள். அப்போது மணி தானாக அடித்தது, இரண்டு அடி. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம்.

மேற்குச் சுவர் முதலில் தனியாக வெளியே சாய்ந்தது. மூலை மேலிருந்து கீழாகத் தையல் பிரிவதுபோலப் பிரிந்தது. பிடிக்க ஆளில்லாமல் வடக்குச் சுவர் உள்ளே விழுந்தது, மற்ற இரண்டும் அதன் பின்னாலேயே போயின. மணியும் அதன் கட்டைகளும் அந்தத் தம்பியும் நடுவில் இருந்த வெற்றிடத்தில், முதல் நிலைப் பலகையையும் உடைத்துக்கொண்டு, ஒன்றாக இறங்கினார்கள். அவன் மணியின் கயிற்றை விடவேயில்லை. கிழக்குச் சாரம் சுவரே இல்லாமல் ஒரு கணம் நின்றது, பிறகு அந்தப் பெண்ணையும் சேர்த்து மடிந்து விழுந்தது. பாட்டு நின்றது. செங்கல் தூசி வந்து எங்கள் வாயிலும் கண்ணிலும் அடைத்தது.

தூசி அடங்கினபோது ஒரு விஷயம் குருடனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். முதல் நிலை, உத்திரம் போட்ட இடம் வரைக்கும், நாலு சுவரும் சேதமில்லாமல் நின்றது. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. பிற்பாடு ஒரு ஓவர்சியரிடம் விசாரித்தேன், அவரும் கொத்தனார் சொன்னதைத்தான் சொன்னார். பூமி ஆடும்போது உயரம் கூடக்கூடத் தலை அதிகமாக ஆடும், தலையில் பாரம் இருந்தால் இன்னும் ஆடும். கட்டி முடித்த கட்டடம் ஆடினால் மொத்தமாக ஆடி மொத்தமாக நிற்கும். முடியாததில் ஒவ்வொரு சுவரும் தன் போக்கில் ஆடும், ஈரச் சாந்து அதைப் பிடித்து நிறுத்தாது. பந்தக்கால் ஒன்றை மட்டும் நட்டு ஆட்டிப்பாருங்கள், கையோடு வரும். நாலு காலை நட்டுக் குறுக்கே கட்டை கட்டிவிட்டால் பத்துப் பேர் சேர்ந்தாலும் அசையாது. எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்தினவனுக்கு இது தெரியாதா? தெரியும்.

கொத்தனார் வெறுங்கையால் தோண்டினார். நகம் பெயர்ந்து விரலெல்லாம் ரத்தம். நாங்களும் தோண்டினோம். அந்தப் பெண்ணைத்தான் முதலில் எடுத்தோம். சட்டி தலையிலேயே நசுங்கியிருந்தது. அண்ணாச்சி அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பி கோபுர வாசலில் மணிக்கு அடியில் கிடந்தான். இடுப்புக்குக் கீழே அவனை எடுக்க முடியவில்லை. கொத்தனார் அவன் முகத்துத் தூசியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"உத்திரத்தக் கேட்டேம்லா, வாத்தியாரய்யா. கேட்டேம்லா."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அவ்வளவு பேருக்கும் கேட்டது. சிலர் பந்தலைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். என் உடம்பெல்லாம் பயம் ஓடியது. அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அறிந்ததில்லை. அந்தப் பயத்தில் என் வாய் தானாகத் திறந்தது.

"கோழி அறுத்தவன் இவன்! அஸ்திவாரத்துல கோழி அறுத்து ரத்தம் விட்டவன் இவன்தான்! நம்ம கோயிலக் கெடுத்தவன் இவன்!"

அவ்வளவு போதுமாக இருந்தது. பூமி அசைந்ததற்கும் கோபுரம் மட்டும் விழுந்ததற்கும் இரண்டு சாவுக்கும் ஒரே காரணம் கிடைத்துவிட்டது. அண்ணாச்சி சம்சாரத்தை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழுந்து, மண்வெட்டியின் மரக்கணையால் கொத்தனாரின் முதுகில் அடித்தார். "யாரக் கொன்னுட்டலே, யாரக் கொன்னுட்ட" என்று கேட்டுக்கேட்டு அடித்தார். பிறகு யார் யார் அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆண்கள் மிதித்தார்கள். கத்தரிக்காய் அரிந்த பெண்கள் உடைந்த செங்கலை எடுத்து எறிந்தார்கள். நாளைக்கு ஒரே பந்தியில் உட்காரவேண்டிய சனம் அது. கொத்தனார் ஓடவில்லை, தம்பியின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். ஒரு கல் காதில் பட்டுக் காது கிழிந்து தொங்கியது.

நானும் அடித்தேன். அவருடைய மட்டக்கோல், சுவர் நேராக இருக்கிறதா என்று வைத்துப் பார்க்கும் தேக்குக்கோல், காலடியில் கிடந்தது. அதை எடுத்து இரண்டு கையாலும் ஓங்கினேன். அவர் தலையை மறைக்க வலது கையைத் தூக்கினார். கோல் மணிக்கட்டில் விழுந்தது. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. எனக்கு அது பிடித்திருந்தது. இதை எழுதாமல் விடலாம் என்று பலமுறை நினைத்துவிட்டேன், ஆனால் பிடித்திருந்தது. இரண்டாம் முறையும் ஓங்கினேன்.

ஐயர் ஓடிவந்து கொத்தனாரை மறைத்து மேலே விழுந்தார். யாருடைய அடியோ ஐயரின் வாயில் பட்டு உதடு கிழிந்தது. வெள்ளை அங்கியில் ரத்தம் வடிந்ததைப் பார்த்த பிறகுதான் கூட்டம் கையை இறக்கியது. உயிர் இருந்த அண்ணனையும் உயிர் போன தம்பியையும் ஒரே மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிக் கிடத்தித் தச்சநல்லூருக்கு அனுப்பினார் ஐயர். அண்ணாச்சியின் சம்சாரத்தை அன்றைக்குச் சாயந்தரமே அடக்கம் செய்தோம். மறுநாள் பந்தலைப் பிரித்தார்கள். உத்திரங்களைத் தூக்கிவந்து பழைய இடத்திலேயே அடுக்கினார்கள்.

போலீஸ் ஏட்டு வந்தபோது வாக்குமூலம் எழுதக் கையெழுத்து நன்றாக உள்ள ஆளைக் கேட்டார். ஊரில் அதுவும் நான்தான். பூமி அதிர்ச்சியினால் கோபுரம் இடிந்தது, இரண்டு பேர் மாண்டார்கள், ஒருவர் இடிபாட்டில் காயம்பட்டார் என்று என் கையாலேயே எழுதினேன். ஏட்டு கொத்தனாரிடம் போய்க் கேட்டதற்கு அவரும் கல் விழுந்து கை உடைந்ததாகச் சொல்லிவிட்டாராம். அவர் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் அன்றிரவே தூங்கியிருப்பேன்.

நான் கத்தின வார்த்தை மட்டும் நிற்காமல் ஊர் ஊராகப் போயிற்று. கோழி அறுத்துக் கோபுரத்தைத் தள்ளினவன் என்று எந்தச் சபையும் அவரை வாசலில் நிற்கவிடவில்லை. சாமி காரியத்தை வேதக்காரன் கோயிலில் கொண்டுபோய்ச் செய்தவன் என்று அவருடைய சனமும் அவரை ஒதுக்கியது. கை கூடியபோது கோணலாகக் கூடிவிட்டது, இனிக் கரண்டி பிடிக்க முடியாது என்று கேள்விப்பட்டேன். பள்ளிக்கூடத்தில் பிரம்பை எடுத்தால் அந்தச் சத்தம் காதில் கேட்டது. பிரம்பைக் கிணற்றில் போட்டேன்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிகிற நேரத்தில் எழுந்து நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். உத்திரம் கேட்டதை, நான் எடுத்ததை, மணியை ஏற்ற வேண்டாம் என்றதை, கோழி விஷயம் எனக்கு முன்பே தெரியும் என்பதை, நானே சிரித்து மண்ணைத் தள்ளி மூடியதை, மணிக்கட்டை உடைத்ததை. அந்த மனுஷன்மேல் ஒரு குற்றமும் இல்லை, ஊருக்கெல்லாம் அதைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அண்ணாச்சி எழுந்து வருவார், கணை இல்லாவிட்டால் கையாலாவது அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவேண்டும் என்று ஜெபித்தேன்.

அண்ணாச்சி வந்தார். என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "விடுங்க வாத்தியாரே. நீங்க என்ன செய்வீங்க, பண்டிகைக்குத்தான எடுத்தீங்க" என்று அழுதார். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாசலில் இரண்டு மூன்று பெரியவர்கள், "மனசு விட்டுப் பேசினாரு, நல்ல மனுஷன்" என்று சொல்லிக்கொண்டது காதில் விழுந்தது. அந்த வாரமே புதுக் கோபுர வேலைக்கும் என்னையே மேற்பார்வை பார்க்கச் சொன்னார்கள். என்னை ஒருவரும் அடிக்கவில்லை. நான் அவர்கள் ஆள். கொத்தனாரைப் பற்றி ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

மறுநாள், அன்று முதல் என் வீட்டில் கிடந்த மட்டக்கோலை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பாலத்தைக் கடந்து தச்சநல்லூருக்கு நடந்தேன். கொத்தனார் வீட்டு வேப்பமரத்தடியில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். இடது கையால் திரித்து, ஒரு முனையைக் கால்விரலில் மாட்டியிருந்தார். கிழிந்த காது சுருண்டு ஒட்டியிருந்தது. உள்ளே வெள்ளைச் சேலையில் ஒரு சின்னப் பெண் நடந்து போனாள். அவள் யார் என்று கேட்கவேண்டியிருக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை.

"சபைல எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றேன்.

"என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லல."

"அடிக்கலையா?"

"இல்ல."

அவர் கயிற்றைக் கால்விரலிலிருந்து கழற்றினார். "அந்த உத்திரம் திரும்பி வந்துட்டா?" என்று கேட்டார்.

"வந்துட்டு" என்றேன்.

மட்டக்கோலை நீட்டினேன். இடது கையால் வாங்கி, ஒரு கண்ணை மூடி அதன் நெடுக்குப் பார்த்தார். என் அடியில் நடுவில் ஒரு கீறல் ஓடியிருந்தது. "கோணிட்டு" என்று சொல்லிப் பக்கத்தில் வைத்தார். நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தேன்.

"நீராவது அடியும்வே. உம்ம கால்ல விழுந்து கேக்கேன், அடியும்."

அவர் வலது கையைத் தூக்கினார். மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. விரல்களை மடக்கப் பார்த்தார். சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் அசைந்தது. அந்தக் கையை என் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்து, நான் நன்றாகப் பார்க்கும்வரை அப்படியே வைத்திருந்தார்.

"அடிக்கதுக்குக் கை வேணும்லா, வாத்தியாரய்யா" என்றார்.